கோலாலம்பூரில் முதல் சைக்கிள் பந்தய சீசன்: சாலைப் போட்டிக்கும் வெலோட்ரோமுக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு

போன வருடம் மே மாதம், என் முதல் போட்டி. செந்தூலிலிருந்து விடிகாலை நான்கரைக்குக் கிளம்பி, ஐந்தே முக்காலுக்குப் பதிவு மேசை முன்னால் நின்றேன். பட்டியலில் என் பெயர் இருந்தது. "லைசென்ஸ் எங்கே?" என்று கேட்டார் மேசையில் இருந்தவர். நான் பதிந்திருந்தது சைக்கிள் பந்தய லைசென்ஸ் உள்ளவர்களுக்கான பிரிவு. அப்படி ஒன்று தேவை என்பதே எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும். கட்டிய 120 ரிங்கிட் திரும்பக் கிடைக்கவில்லை. மூன்று மாதப் பயிற்சியை அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதே சீசனில் அப்புறம் நான்கு சாலைப் போட்டி, ஒரு கிரிட்டீரியம் (சிறிய சாலைச் சுற்றைப் பல முறை சுற்றும் போட்டி), வெலோட்ரோமில் (சைக்கிளுக்கென்றே கட்டிய, வளைவுகள் சாய்ந்த ஓடுதளம்) இரண்டு போட்டி என்று முடித்தேன். வேகமாக ஓட்டுவதைக் கால்கள் ஓட்ட ஓட்டக் கற்றுக்கொள்ளும். தேதி, பாரம், கட்டணம் இதெல்லாம் யாராவது சொன்னால்தான் தெரியும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. நீங்கள் அதே இடத்தில் முட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேலைக்குப் போய்க்கொண்டு, வார இறுதியில் நீண்ட தூரம் ஓட்டுகிற ஒருவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சொல்லியிருக்கும் தொகைகள் நான் கட்டியவை. உங்கள் வருடத்தில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

1. போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நம் ஊரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனால் மேற்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை மழை ஒப்பளவில் குறைவு. ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை பிடித்துக்கொள்ளும். அதனால் என் சீசனை மே மாதத்தில் தொடங்கி செப்டம்பரில் முடித்தேன். தைப்பூசம் முடிந்த வாரத்திலிருந்து ஒழுங்காக ஓட்ட ஆரம்பித்தால் மே மாதத்துக்குக் கால் தயாராகிவிடும்.

தாள் வேலைக்கு இந்தக் கணக்குப் போதாது. முதல் போட்டிக்குப் பத்து வாரம் முன்பே லைசென்ஸ் விஷயத்தை ஆரம்பியுங்கள். ஆறு வாரம் முன்பு மருத்துவப் பரிசோதனை. போட்டிப் பதிவு பெரும்பாலும் இரண்டு கட்டணமாக இருக்கும், முன்கூட்டிப் பதிகிறவர்களுக்கு 20, 30 ரிங்கிட் குறையும். ஆனால் பிரிவும் லைசென்ஸும் உறுதியாகாமல் அந்த 30 ரிங்கிட்டைப் பார்த்து அவசரப்படாதீர்கள். நான் இழந்த 120 ரிங்கிட் அந்தத் தள்ளுபடி விலைதான்.

இரண்டு விஷயங்களைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் போட்டிகள் குறைவு, அந்த மாதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். இன்னொன்று புகைமூட்டம். ஆகஸ்ட், செப்டம்பரில் அது வந்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பாருங்கள். 50 வரை நல்ல காற்று, 100 வரை நடுத்தரம், 100ஐத் தாண்டினால் உடல் நலத்துக்குக் கேடு. 100ஐத் தாண்டிய நாளில் நான் வெளியே ஓட்டுவதில்லை, போட்டிக்குக் கட்டிய பணம் போனாலும் சரி.

2. எந்தப் பிரிவு என்று முடிவு செய்யுங்கள்

பதிவுப் பக்கத்தில் ஓப்பன், வெட்டரன், ஜூனியர், பெண்கள், ஜம்போரி, ஃபன் ரைடு என்று பல பெயர்கள் இருக்கும். ஓப்பன் பிரிவில் மாநில அணி இளைஞர்களும் வருவார்கள். ஆரம்ப நிலையில் இருக்கும் ஒருவர் பத்தாவது கிலோமீட்டரிலேயே கூட்டத்திலிருந்து கழன்றுவிடுவார். பிறகு தனியாகக் காற்றை வெட்டிக்கொண்டு ஓட்டுவதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஜம்போரி என்பது எல்லாரும் சேர்ந்து கிளம்பி, நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நீண்ட ஓட்டம். பெரும்பாலும் லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். முதல் இரண்டு போட்டிக்கு இதுதான் சரி என்பது என் கருத்து. நூறு பேருக்கு நடுவில் நேர்கோட்டில் ஓட்டுவது எப்படி என்று அங்கேதான் கற்றேன்.

வயதில் ஒரு பொறி இருக்கிறது. சைக்கிளோட்டத்தில் வயதுப் பிரிவைப் பிறந்த ஆண்டை வைத்துத்தான் பொதுவாகக் கணக்கிடுவார்கள், பிறந்த நாளை வைத்து அல்ல. நவம்பரில்தான் உங்களுக்கு 40 முடிகிறது என்றாலும், மே மாதப் போட்டியிலேயே நீங்கள் 40 வயதுக்காரர். தவறான பிரிவில் ஓடி வெற்றி மேடை ஏறினால், பரிசு கொடுக்கும்போது மைகாட்டை (அடையாள அட்டையை) பார்த்துவிட்டுப் பெயரை எடுத்துவிடுவார்கள். ஒரு நண்பருக்கு மூன்றாம் பரிசு அப்படிப் போனது.

விதிமுறைக் கோப்பு மலாயில் பத்துப் பதினைந்து பக்கம் இருக்கும். கடைசி வரை படியுங்கள். எந்தப் பிரிவுக்கு லைசென்ஸ் கட்டாயம், நேர வரம்பு எவ்வளவு, பணம் திரும்பக் கிடைக்குமா என்பதெல்லாம் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும்.

3. லைசென்ஸ்

லைசென்ஸைக் கொடுப்பது மலேசிய தேசிய சைக்கிளோட்டச் சம்மேளனம். முதலில் ஒரு கிளப்பில் சேர்ந்துகொண்டால் பாரத்தை எங்கே அனுப்புவது, யார் கையெழுத்துப் போடுவது என்பதெல்லாம் எளிதாகிவிடும். கிளப் இல்லாமல் தனியாக முயன்றதில் எனக்கு மூன்று வாரம் வீணானது. பக்கத்து சைக்கிள் கடையில் கேளுங்கள். எந்தக் கிளப் புதியவர்களைச் சேர்க்கிறது என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: மைகாட்டின் இரு பக்க நகல், வெள்ளைப் பின்னணியில் ஒரு படம், இரத்த வகை, அவசரத் தொடர்புக்கு இரண்டு பேரின் கைப்பேசி எண், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதல் கடிதம். உலக சைக்கிளோட்ட ஒன்றியத்தின் 11 இலக்க எண் ஒன்றும் உங்களுக்குக் கிடைக்கும். அதை எங்காவது எழுதி வையுங்கள், அடுத்தடுத்த வருடங்களிலும் அதே எண்தான்.

லைசென்ஸ் எந்த மாதத்தில் எடுத்தாலும் டிசம்பர் 31 அன்று காலாவதியாகும். ஆகஸ்டில் எடுத்தால் நான்கு மாதத்துக்குத்தான் உதவும். ஜனவரி, பிப்ரவரியில் எடுத்துவிடுங்கள்.

நம்மவர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மைகாட்டில் பெயருக்கு நடுவில், இன்னாரின் மகன் அல்லது மகள் என்று குறிக்கும் "ஏ/எல்" அல்லது "ஏ/பி" இருக்கிறது. சில இணையப் பாரங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. நான் லைசென்ஸ் பாரத்தில் அதோடு எழுதினேன், போட்டிப் பதிவில் இல்லாமல் எழுதினேன், வங்கிப் பரிமாற்றத்தில் வேறொரு சுருக்கம் விழுந்தது. மூன்றும் ஒரே ஆள் என்று விளக்க இரண்டு மின்னஞ்சலும் ஒரு வாரமும் ஆனது. முடிந்த இடத்திலெல்லாம் மைகாட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பாரம் ஏற்காவிட்டால் சாய்கோட்டை மட்டும் விட்டுவிட்டு எழுத்துகளை வைத்துக்கொள்ளுங்கள், கட்டண ரசீதில் மைகாட் எண்ணைக் குறிப்பிடுங்கள்.

மைகாட் நகல் கொடுக்கும்போதெல்லாம் அதன் மேல் குறுக்காக இரண்டு கோடு போட்டு, "இந்தப் போட்டிப் பதிவுக்கு மட்டும்" என்று மலாயில் எழுதிக் கொடுங்கள். வங்கிக்குக் கொடுக்கும்போது செய்வோமே, அதேதான்.

4. உடம்பும் காப்புறுதியும்

35 வயதைத் தாண்டியவர்கள் இசிஜி எடுக்காமல் பந்தயத்துக்குப் போகாதீர்கள். சர்க்கரையும் இதய நோயும் நம் சமூகத்தில் எவ்வளவு சாதாரணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் வட்டாரத் தனியார் கிளினிக்கில் பரிசோதனை, இசிஜி, கையெழுத்திட்ட சான்றிதழ் எல்லாம் சேர்த்து 130 ரிங்கிட் ஆனது. டெங்கி வந்து தேறியவர் என்றால், காய்ச்சல் விட்டதும் ஓட்டப் போகாதீர்கள். டாக்டர் சரி என்று சொல்லும் வரை பொறுங்கள்.

காப்புறுதியை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தனிநபர் விபத்துக் காப்புறுதியின் விலக்குப் பட்டியலை எடுத்துப் படியுங்கள். காலால் ஓடும் பந்தயத்தைத் தவிர வேறு எந்தப் பந்தயத்துக்கும் பாதுகாப்பு இல்லை என்ற பொருளில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். என்னுடையதில் இருந்தது. ஏற்பாட்டாளர் எடுக்கும் குழுக் காப்புறுதி எவ்வளவு தொகைக்கு, மருத்துவமனைச் செலவுக்கும் சேர்த்தா என்று பதிவுக்கு முன் எழுதிக் கேளுங்கள். பதில் தராத ஏற்பாட்டாளரின் போட்டிக்கு நான் போவதில்லை.

5. சைக்கிள்

புதிய கார்பன் சைக்கிள் தேவையில்லை. பழைய அலுமினியச் சட்டம், ஷிமானோ டியாக்ரா கியர் உள்ளதை 2,600 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். புது டயர், பிரேக் பேட், கைப்பிடி டேப் போட இன்னும் 350. ஹெல்மெட்டை மட்டும் பழையது வாங்காதீர்கள், ஒரு முறை அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம். கைப்பிடியின் இரு முனையிலும் மூடி இருக்க வேண்டும், இல்லையென்றால் பரிசோதனையில் நிறுத்துவார்கள். கூட்டமாகக் கிளம்பும் போட்டியில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டிரையத்லான் கைப்பிடியை அனுமதிக்க மாட்டார்கள்.

6. எங்கே, யாரோடு பயிற்சி

உலு லங்காட் பக்கம்தான் கோலாலம்பூர் சைக்கிள்காரர்களின் பள்ளிக்கூடம். ஆம்பாங்கிலிருந்து மலை ஏறி, பத்து 18 வழியாகப் பங்சூன் வரை போய்த் திரும்பலாம். ஏற்றம் பழகக் கெந்திங் பெரெஸ் இருக்கிறது, அல்லது கோம்பாக் பழைய சாலை வழியாகக் கெந்திங் செம்பா வரை ஏறலாம். சமதரையில் வேகம் பழகப் புத்ராஜெயா நல்லது. நெடுஞ்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, குறுக்கு வழி என்று ஏறிவிடாதீர்கள்.

சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் உதிக்கிறது, ஆனால் குரூப் ரைடு ஆறரைக்கே கிளம்பிவிடும். முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் வந்தால் நல்ல குழு உங்களைச் சேர்க்காது. சேர்த்தால், அந்தக் குழுவில் நீங்கள் சேராதீர்கள். முன்னால் போகிறவர் "லுபாங்!" என்று கத்தினால் குழி, "கெரெத்தா!" என்றால் கார். கேட்டதும் நீங்களும் பின்னால் இருப்பவருக்குக் கத்த வேண்டும். இந்தக் கத்தல் நடுவில் யாரிடமாவது நின்றுபோனால் பின்னால் இருபது பேர் விழுவார்கள். முன் சக்கரத்தை இன்னொருவரின் பின் சக்கரத்தோடு பக்கவாட்டில் மேற்படிய விடாமல் ஓட்டப் பழகுங்கள். நான் பார்த்த விழுதல்களில் பெரும்பாலானவை அதில்தான் தொடங்கின.

காரோடு மோதல் ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்யுங்கள். சிராய்ப்புதானே என்று விட்டுவிட்டால் பிறகு எந்தக் கோரிக்கையும் நிற்காது.

7. நீலாய் வெலோட்ரோம்

இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது, ஏனென்றால் நம்மவர்கள் இங்கே மிகக் குறைவாக வருகிறார்கள். நீலாயில் உள்ள தேசிய வெலோட்ரோம் 250 மீட்டர் மரத் தளம், மேலே கூரை. மழை, புகை, கார் எதுவும் இல்லை. கோலாலம்பூரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். டோலும் பெட்ரோலும் சேர்த்து எனக்கு ஒரு தடவைக்கு 35 ரிங்கிட் ஆனது.

நேராகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். தேசிய அணி பயிற்சி செய்யும் இடம் அது, அவர்களுக்குத்தான் முதலிடம். ஒரு வாரம் முன்பே கிளப் மூலம் நேரம் கேட்டு, கிளம்பும் முந்தைய நாள் மறுபடியும் உறுதி செய்யுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: ஆரம்பநிலையாளருக்கான பயிற்சி எப்போது, டிராக் சைக்கிள் வாடகைக்கு அல்லது இரவலாகக் கிடைக்குமா, என்ன சைஸ். எனக்குக் கிளப்பில் ஒரு அண்ணன் இரவல் தந்தார். இரவல் சைக்கிளுக்குப் போகிறவர்கள் தங்கள் பெடலையும் காலணியையும் 15 மில்லிமீட்டர் ஸ்பேனரையும் கொண்டு போங்கள். பெடல் பொருந்தாமல் முதல் பயிற்சியில் அரை மணி நேரம் நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

டிராக் சைக்கிளில் பிரேக் கிடையாது, ஒரே கியர், சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். மிதிப்பதை நிறுத்த முயன்றால் சைக்கிள் உங்களைத் தூக்கிப் போடும். களைத்தாலும் பயந்தாலும் மிதித்துக்கொண்டே இருங்கள், கால்களால் மெல்லப் பின்னுக்கு அழுத்தினால் வேகம் குறையும். வளைவுகள் 40 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும். கீழே நின்று பார்த்தால் சுவர் போலத் தோன்றும். அங்கே மெதுவாகப் போவதுதான் ஆபத்து: மணிக்கு 30 கிலோமீட்டராவது இருந்தால் டயர் பிடித்துக்கொள்ளும், குறைந்தால் சறுக்கிக் கீழே வருவீர்கள். என் பயிற்சியாளர் முதல் நாள் சொன்னது ஒன்றே ஒன்று, "வளைவுக்கு முன்னால் மிதி". அதை நம்புங்கள்.

கோடுகளை முதல் நாளே மனப்பாடம் செய்யுங்கள். கீழே இருக்கும் கறுப்புக் கோடுதான் 250 மீட்டர் அளக்கும் கோடு. அதற்கு மேலே சிவப்பு. இரண்டுக்கும் இடையில் இருப்பது முடிவுக் கோட்டை நோக்கிய கடைசி விரைவோட்டத்துக்கான பாதை, அங்கே ஒருவர் முன்னால் இருந்தால் உள்ளே நுழைந்து முந்தக் கூடாது. இன்னும் மேலே நீலக் கோடு. மெதுவாக ஓட்டுகிறவர்கள் அதற்கு மேலே இருக்க வேண்டும். கறுப்புக் கோட்டுக்குக் கீழே வெளிர் நீலப் பட்டை ஒன்று உண்டு, அது ஏறவும் இறங்கவும் மட்டும். எல்லாரும் இடப்பக்கமாகச் சுற்றுவதால் மேலே ஏறுவது என்றால் வலப்பக்கம் போவது. வலத்தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்காமல் ஒரு அங்குலம்கூட மேலே நகராதீர்கள். பின்னால் வருகிறவருக்கும் பிரேக் இல்லை.

கியருக்கு 48 பல் முன்னாலும் 15 பல் பின்னாலும் போதும். சாலையில் ஓடிய டயரோடு மரத் தளத்தில் ஏறாதீர்கள், ஒட்டியிருக்கும் மணல் தளத்தைக் கீறும். முழு விரல் கையுறையும், ஜெர்சிக்கு உள்ளே ஒரு பனியனும் போடுங்கள். மரத்தில் விழுந்தால் சிராய்ப்போடு சிலாம்பும் ஏறும்.

ஐந்தாறு பயிற்சிக்குப் பிறகு போட்டிக்குப் பதியலாம். ஸ்கிராட்ச் முதலில்: எல்லாரும் சேர்ந்து கிளம்பி, கடைசிச் சுற்றில் முதலில் வருகிறவர் வெல்வார். எலிமினேஷன் அடுத்தது: இரண்டு சுற்றுக்கு ஒரு முறை கடைசியாகக் கோட்டைக் கடப்பவர் வெளியே. பின் சக்கரத்தை வைத்துத்தான் தீர்ப்பு, அதனால் முன் சக்கரத்தை நீட்டிப் பயனில்லை. இதில் புதியவர்கள் கறுப்புக் கோட்டில் ஒட்டிக்கொண்டு, மேலே ஆட்கள் மூடிவிட, முந்த வழியில்லாமல் மாட்டிக்கொள்வார்கள். நானும் நான்காவது ஆளாக அப்படித்தான் வெளியேறினேன். ஒரு சைக்கிள் அகலம் மேலே இருங்கள், கொஞ்சம் கூடுதல் தூரம் பரவாயில்லை. பாயிண்ட்ஸ் போட்டியில் பத்துச் சுற்றுக்கு ஒரு முறை 5, 3, 2, 1 என்று புள்ளி, முக்கியக் கூட்டத்தை ஒரு முழுச் சுற்று முந்தினால் 20. எண்ணிக்கை தலையில் நிற்கப் பழக்கம் வேண்டும், சீசன் கடைசிக்கு வையுங்கள்.

தோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீரர் அஸிசுல்ஹஸ்னி அவாங் வெள்ளி வாங்கிய கெய்ரின் ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத் தம்பிகள் வந்த அன்றே கெய்ரின் கேட்கிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் ஒரு மோட்டார் வண்டியின் பின்னால் வேகமெடுத்து, அது விலகியதும் முழங்கை உரச, மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகும் ஓட்டம் அது. முதல் சீசனில் வேண்டாம்.

8. முந்தைய நாள்

போட்டிப் பொதி வாங்கப் பெரும்பாலும் முந்தைய நாள் வரச் சொல்வார்கள், அதுவும் வேலை நேரத்தில். வேறொருவரை அனுப்பினால் கடிதமும் உங்கள் மைகாட் நகலும் பதிவு உறுதிச் சீட்டும் கொடுத்து அனுப்புங்கள். வாங்கியதும் அங்கேயே எண், பிரிவு, நேரம் அளக்கும் சிப் மூன்றையும் சரிபாருங்கள். மறுநாள் காலை இருட்டில் எதையும் மாற்ற முடியாது. எண்ணை எந்தப் பக்கம் குத்த வேண்டும் என்று கேளுங்கள், நிழற்படக் கருவி இருக்கும் பக்கம் தெரியாவிட்டால் முடிவுப் பட்டியலில் பெயர் வராது.

இரவு சோறு, பருப்பு, கொஞ்சம் கோழி. புதிதாக எதையும் முயலாதீர்கள்.

9. போட்டி நாள்

தொடக்கம் ஏழரை என்றால் ஐந்தரைக்கே போய்விடுங்கள். நான்கு மணிக்கே சாப்பிட்டுவிட வேண்டும்: இரண்டு வாழைப்பழம், ரொட்டி, தேன். வழியில் நாசி லெமாக் வேண்டாம், தேங்காய்ப் பால் வயிற்றில் அப்படியே நிற்கும். 750 மில்லி போத்தல் இரண்டு, ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் ஹண்ட்ரட் பிளஸோ உப்புக் கரைசலோ. ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறும். தாகம் வரும் வரை காத்திருக்காதீர்கள், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு.

தொடக்கத்தில் கூட்டத்தின் நடுவில் நில்லுங்கள். கடைசியில் நின்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் இருப்பவர்கள் மெதுவாகி மறுபடி வேகமெடுக்கும் சுமை முழுதும் உங்கள் காலில்தான் விழும். நேர வரம்பைத் தாண்டினால் பின்னால் வரும் லாரியில் ஏறச் சொல்வார்கள். ஏறிக்கொள்ளுங்கள், அதற்குப் பின்னால் சாலை பாதுகாப்பு கிடையாது.

முடித்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, முடிவுப் பட்டியல் ஒட்டும் இடத்துக்குப் போங்கள். ஆட்சேபம் சொல்லக் குறைந்த நேரம்தான் கொடுப்பார்கள், சில இடங்களில் அரை மணி நேரம். எண் விடுபட்டிருந்தால் அப்போதே நடுவர் மேசையில் எழுத்தில் கொடுங்கள். ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்டால் யாரும் இருக்க மாட்டார்கள். அப்புறம் கணுக்காலில் கட்டிய சிப்பைக் கழற்றிக் கொடுத்து, 50 ரிங்கிட் வைப்புத்தொகையைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். காலுறைக்குள் மறைந்திருந்த சிப்போடு நான் செந்தூல் வரை வந்துவிட்டேன், அதைத் திருப்பிக் கொடுக்க அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஷா ஆலாம் போக வேண்டியிருந்தது.